பூச்சிக்கொல்லி நஞ்சும் தற்கொலைத் தடுப்பும்

பூச்சி, களை, எலி ஆகியவற்றை ஒழிக்கப் பயன்படும் வேதிப்பொருள்கள் மனித உடலில் சேர்ந்து விளைவிக்கும் கேடு பூச்சிக்கொல்லி நஞ்சு எனப்படும். மருந்தடிப்பவரின் முதுகில் தொங்கும் தெளிப்பான் கசிந்து சட்டையை நனைப்பதும், எதிர்க்காற்று சாரலை முகத்தில் அடிப்பதும் உயிரைப் பறிக்கக்கூடும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் அப்படித்தான் இறந்தார்கள். ஆனால் இந்த நஞ்சால் நேரும் சாவுகளில் பெரும்பகுதி தற்கொலை. உலகில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு இறக்கிறார்கள். பசுமைப் புரட்சிக் காலம் முதல் இதுவரை சுமார் 1.4 கோடிப் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இவர்களில் பெரும்பாலோர் ஆசியாவின் கிராமங்களில் வாழ்ந்தவர்கள்.

நம் ஊர்களில் இதற்குப் பெயர் வெறும் ‘மருந்து’. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் அதே சொல், கத்தரிக்கு அடிப்பதும் அதே சொல். அடித்தது போக மிஞ்சிய கால் புட்டி இறவாணத்திலோ கட்டிலடியிலோ அடுத்த பூச்சித் தாக்குதல்வரை கிடக்கும். கடன், சண்டை, அவமானம் என்று எது காரணமானாலும், சாக வேண்டும் என்ற எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானித்துவிடுகிறது.

இதை உலகுக்குக் காட்டிய நாடு இலங்கை. 1995இல் அங்கே 1 லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அன்று உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம், மனிதருக்கு மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து விலக்கியது. 1984இல் பாராத்தியான் போனது. 1995இல், உலக சுகாதார நிறுவனம் மிகக் கடும் நஞ்சு என்று வகைப்படுத்தியவற்றில் எஞ்சியவை போயின. 1998இல் எண்டோசல்ஃபான் போனது. 2008 முதல் 2011 வரை இன்னும் மூன்று போயின. 2015க்குள் தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. இந்த இருபது ஆண்டுகளில் காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அதே அளவுக்குக் குறையவில்லை. துயரம் இருந்தது, கடன் இருந்தது, உள்நாட்டுப் போரும் 2009 வரை இருந்தது. வந்தவர்கள் பிழைத்து வீடு திரும்பினார்கள் என்பதுதான் மாற்றம். தடைகளால் நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. குறைந்த நஞ்சுள்ள மாற்றுகள் வந்தன, விளைச்சல் நிலைத்தது.

பூட்டி வைத்தால் போதாதா என்ற கேள்வியும் சோதிக்கப்பட்டது. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்கள், 50,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் அடங்கிய பெரிய ஆய்வில், பாதிக் கிராமங்களின் விவசாய வீடுகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகள் தரப்பட்டன. 2017இல் முடிவு வெளியானபோது, பெட்டி பெற்ற கிராமங்களில் தற்கொலை முயற்சிகள் குறைந்ததாகத் தெரியவில்லை. நாளாக ஆகப் பூட்டும் பழக்கமும் தளர்ந்திருந்தது. பூட்டு வீட்டில் இருந்தால் சாவியும் வீட்டில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் நடந்த முயற்சி வேறு விதமானது. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘ஸ்நேகா’ அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இரு கிராமங்களில் பொதுச் சேமிப்பு அறைகளைக் கட்டியது. பார்ப்பதற்கு வங்கி லாக்கர் போல, குடும்பத்துக்கு ஒரு பெட்டி. புட்டி வீட்டுக்குப் போகாது. வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்ளலாம், அறையில் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒப்பிட்ட கிராமங்களைவிட அங்கே இத்தகைய நிகழ்வுகள் குறைந்தன. அந்த நேரத்தில் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்க்க நேர்வதே ஒரு காப்பு என்று தோன்றுகிறது. மன நெருக்கடியில் இருப்பவர்கள் தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் பேசலாம்.

வங்கதேசம், தென்கொரியா, கேரளம் ஆகியவையும் தடை வழியே சென்றுள்ளன. இந்தியாவில் பூச்சிக்கொல்லியை நிலையாகத் தடை செய்யும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மாநில அரசு 60 நாள் மட்டுமே விற்பனையை நிறுத்த முடியும். விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள். தற்கொலைகளைக் காரணம் காட்டி ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தமிழ்நாடு அரசு தடுத்தபோதும் அந்த 60 நாள்தான் கிடைத்தது. குறுவை நெல்லுக்கே 100 நாளுக்கு மேல் ஆகும். விதைக்கும் நாளில் போட்ட தடை, நீட்டித்தாலும்கூட, அறுவடைக்கு முன் காலாவதியாகி, அதே புட்டிகள் கடைக்குத் திரும்பிவிடும்.