தோள்சீலை: தெற்குத் திருவிதாங்கூரில் பெண் உடலும் சாதி வரிசையும்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை மூன்று கட்டங்களாக நடத்திய போராட்டம் தோள்சீலைப் போராட்டம் எனப்படுகிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகிய தாலுகாக்களே அதன் களம். இவற்றில் முதல் நான்கும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பெண்ணின் மார்பு மறைக்கப்பட வேண்டுமா, திறந்திருக்க வேண்டுமா என்பதை அரசாணைகளும் நீதிமன்றமும் சந்தைக் கலவரங்களும் தீர்மானித்த காலம் அது.

உடையில் எழுதிய வரிசை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையாள நாட்டில் ஆணும் பெண்ணும் இடுப்புக்கு மேல் துணியின்றி இருப்பது இயல்பாகவே கொள்ளப்பட்டது. திறந்த மார்பை ஆபாசம் என்று எவரும் நினைக்கவில்லை. அதற்கு வேறொரு பொருள் இருந்தது: மேலோர் முன் மேனியைத் திறப்பது மரியாதை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பண்ணையார் எதிரே வந்தால் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட வழக்கத்தின் உறவுமுறைதான் இது. நாயர் பெண்கள் தோளில் மேல்முண்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் நம்பூதிரியின் முன்னும் கோயில் சந்நிதியிலும் அதை விலக்க வேண்டும். சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் தைத்த சட்டை அணிந்தனர். கடலோர முக்குவப் பெண்கள் முரட்டுத் துணியை உடலைச் சுற்றிக் கட்டினர். நாடார், ஈழவர், புலையர், பறையர் முதலிய சாதிகளின் பெண்களுக்கு மேலாடையே கூடாது. ஒருத்தியின் சாதியைக் கேட்டறிய வேண்டிய தேவை தெருவில் யாருக்கும் இருக்கவில்லை.

அன்றைய ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்படும் நாடார்கள், பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி வாழ்ந்தவர்கள். அவர்கள் மீதிருந்த தடைகளில் மேலாடையும் ஒன்று, அவ்வளவே. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன் நகை கூடாது. ஒரு தளத்துக்கு மேல் வீடு எழுப்பக் கூடாது. பசு கறக்கக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கவும் தடை இருந்தது. நம்பூதிரியிடமிருந்து முப்பத்தாறு தப்படியும் நாயரிடமிருந்து பன்னிரண்டு தப்படியும் விலகி நிற்க வேண்டும். கூலியில்லா ஊழியமும் பலவகை வரிகளும் இவற்றோடு சேர்ந்தன. பெண் எதை உடுத்துகிறாள், குடத்தை எங்கே வைக்கிறாள், கழுத்தில் என்ன போடுகிறாள் என்பவை ஒரே கணக்கேட்டின் பதிவுகள். ஒன்றை மாற்றினால் முழு ஏடும் கேள்விக்குள்ளாகும் என்பதை மேல்சாதியார் நன்றாகவே உணர்ந்திருந்தனர்.

குப்பாயம் வந்த வழி

லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் பணியைத் தொடங்கினார். 1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலை மையமாக்கினார். அடுத்த ஆண்டு மால்ட் தம்பதியர் வந்து சேர்ந்தனர். நாடார்கள் பெருந்திரளாகக் கிறிஸ்தவத்தில் சேர்ந்தனர். மிஷனரிகளின் மனைவியர் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் எழுத்தும் தையலும் கற்பிக்கப்பட்டன. மார்த்தா மால்ட் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் நாகர்கோவிலுக்குப் பெயர் வாங்கித் தந்த தொழிலாயிற்று. லேஸ் பின்னி ஈட்டிய கூலியைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்களும் உண்டு.

மிஷனரிகளின் கண்ணுக்குத் திறந்த மார்பு வெட்கக்கேடாகத் தெரிந்தது. அது அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒழுக்க அளவுகோல். அந்த அளவுகோலுக்கேற்பக் குப்பாயம் என்ற தொளதொளப்பான சட்டையை அவர்கள் அறிமுகப்படுத்தினர். ஆங்கிலேய அரசின் ரெசிடெண்டாகவும் சில ஆண்டுகள் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ, கிறிஸ்தவரான பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று 1810களில் ஆணையிட்டார். அரசவையினர் எதிர்த்ததும் ஆணை சுருங்கியது: சிரியன் கிறிஸ்தவர், மாப்பிள்ளைமார் வழக்கப்படி குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது.

சச்சரவின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. உடலை மறைப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் குப்பாயத்தோடு பிரச்சினை முடிந்திருக்கும். பெண்கள் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்கும் தேவாலயத்துக்கும் சென்றனர். மிஷன் கொடுத்தது சட்டை. சீலையைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மிஷனரிகள் நாணத்தைப் பற்றிப் பேசினர், அரசு வழக்கத்தைப் பற்றிப் பேசியது, அந்தப் பெண்களோ உயர்ந்தவர்களுக்குரிய அடையாளத்தையே உடுத்தினர்.

மூன்று கலகங்கள்

1822 மே மாதம் கல்குளம், இரணியல் பகுதிகளில் முதல் கலகம் மூண்டது. கடைத்தெருக்களில் தோள்சீலையோடு வந்த பெண்களை மறித்து அடித்தார்கள். சீலையைப் பிடித்திழுத்துக் கிழித்தார்கள். மீட் ரெசிடெண்டிடம் முறையிட்டார். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1823இல் கிறிஸ்தவப் பெண்கள் மேலாடை அணிவதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததாலேயே தெரு அடங்கிவிடவில்லை.

1827இல் தொடங்கிய இரண்டாம் கலகம் இன்னும் பரவலானது. சிற்றாலயங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. ஊழியம் செய்ய மறுப்பதும் வரி கொடுக்க மறுப்பதும் மேலாடையோடு சேர்த்துக் குற்றமாக எண்ணப்பட்டன. 1829 பிப்ரவரி 3 அன்று ராணி கௌரி பார்வதிபாய் பெயரில் வந்த பிரகடனம், நாடார் பெண்களுக்குத் தோள்சீலை கூடாது என்று உறுதிசெய்தது; கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. இந்து நாடார் பெண்களுக்கு அதுவும் இல்லை. மதம் மாறினால் சட்டை, மாறாவிட்டால் வெற்றுமேனி என்றாயிற்று.

மிஷனுக்கு வெளியிலும் எதிர்ப்பு வளர்ந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். மேலோர் முன் தலைத்துணியை அவிழ்க்க வேண்டும் என்றிருந்த ஊரில் அதுவும் தோள்சீலைக்கு நிகரான செயல்தான். அரசு அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறைவைத்தது.

1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. கையாட்களை இழந்த நிலவுடைமையாளர்களின் எரிச்சல் அடங்குமுன் 1858இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது. மத விஷயங்களில் தலையிடுவதில்லை என்ற அதன் வாக்குறுதியை இரு தரப்பும் தத்தமக்கேற்பப் படித்தன. தங்கள் உரிமைக்கு இனிக் காவல் உண்டு என்றனர் நாடார்கள். ஆங்கிலேயர் இனி வழக்கத்தில் கைவைக்க மாட்டார்கள், பழைய முறை திரும்பிவிட்டது என்றனர் மேல்சாதியார். 1858இன் இறுதியில் மூன்றாம் கலகம் மூண்டு 1859 ஜனவரியில் உச்சத்தைத் தொட்டது. சந்தைகளில் மீண்டும் பெண்களின் சீலைகள் உரியப்பட்டன, வீடுகள் கொள்ளைபோயின, ஆலயங்கள் எரிந்தன. திவான் டி. மாதவ ராவ் காலத்தில் 1858 டிசம்பர் 27 அன்று வெளியான அறிவிப்பு, பழைய வழக்கத்தை மீறக் கூடாது என்று நாடார்களையும், சட்டத்தைக் கையிலெடுக்கக் கூடாது என்று எதிர்த்தரப்பையும் ஒருசேர எச்சரித்தது. அடிபட்டவரையும் அடித்தவரையும் ஒரே தட்டில் நிறுத்திய அந்த அறிவிப்பால் தீ அணையவில்லை.

மிஷனரிகளின் முறையீடு சென்னைக்குப் போனது. 1859இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரவெல்யன், ரெசிடெண்ட் ஜெனரல் கல்லன் வழியாகச் சமஸ்தானத்தை நெருக்கினார். அதன் விளைவாக மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 ஜூலை 26 அன்று புதிய பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் எல்லோரும், கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை: உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது.

அந்த நிபந்தனையில் அரசின் மனம் தெளிவாகத் தெரிகிறது. மார்பு மறைவதில் அதற்கு ஆட்சேபம் இல்லை. எந்தத் துணியால், எந்த முறையில் மறைகிறது என்பதில்தான் ஆட்சேபம். ஆனால் ஆணை நடைமுறைக்கு வந்தபின் சீலையின் மடிப்பைக் கண்காணிப்பது எவராலும் ஆகவில்லை. நாளடைவில் நிபந்தனை ஏட்டளவில் நின்றுபோயிற்று.

கல்மாலை

நாடார் பெண்களுக்குக் கிடைத்தது மற்றவர்களுக்குத் தானாக வந்துவிடவில்லை. மத்தியத் திருவிதாங்கூரில் ஈழவப் பெண்களின் உடைக்காகவும் மூக்குத்திக்காகவும் ஆறாட்டுப்புழா வேலாயுதப் பணிக்கர் போராடினார். புலையர் பெண்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளை அணிய வேண்டியிருந்தது. பொன்னும் வெள்ளியும் விலக்கு. கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் 1915இல் புலையர் தலைவர் அய்யன்காளியின் அறைகூவலை ஏற்று அவர்கள் கல்மாலையைக் கழற்றத் தொடங்கியதும் குடிசைகள் எரிந்தன. அதன்பின் கொல்லத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் பெண்கள் தம் மாலைகளை அரிவாளால் அறுத்து ஒரே இடத்தில் குவித்தார்கள். நாகர்கோவிலில் பெண்கள் துணியை ஏற்றுத் தலைநிமிர்ந்தார்கள் என்றால், கொல்லத்தில் அணியைக் கழற்றித் தலைநிமிர்ந்தார்கள்.

வெட்கம் இடம் மாறியது

உடையின் பொருள் அடுத்த இரு தலைமுறைகளில் தலைகீழானது. திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்த சி. கேசவன் தம் தன்வரலாறான 'ஜீவிதசமர'த்தில் தம் மாமியார் சொன்ன நிகழ்ச்சி ஒன்றைப் பதிவுசெய்திருக்கிறார். இளம்பெண்ணாக இருந்தபோது திருவனந்தபுரத்தில் நாத்தனார் அவருக்கு இரண்டு ரவிக்கைகளைக் கொடுத்தார். போட்டால் கூச்சமாக இருந்தது, ஆனால் பிடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியதும் தாயார் சீறினார். இரவில் கணவனுக்கு மட்டும் போட்டுக் காட்டிய பெண், மறுநாள் காலை அதைக் கழற்றாமல் வெளியே வந்தபோது தாய் மட்டையை ஒடித்துக்கொண்டு அடிக்க வந்துவிட்டார். ரவிக்கை போட்டவள் ஒழுக்கம் கெட்டவள் என்பது அந்தத் தாயின் எண்ணம். அடுத்த தலைமுறையில் அதே குடும்பங்களில் ரவிக்கை போடாதவள் நாகரிகம் இல்லாதவள் ஆனாள்.

இந்த மாற்றத்தில் படங்களுக்கும் பங்குண்டு. திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் சேலையும் ரவிக்கையுமாக வீடு வீடாக வந்து சேர்ந்தனர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் பார்வதி திறந்த மார்போடு நிற்கிறாள். அவளை வணங்கியவர்கள் அதில் குறை கண்டதில்லை. பூஜை அறைச் சுவரிலும் காலண்டரிலும் தொங்கிய புதிய தேவியரோ நல்ல குடும்பப் பெண் எப்படி உடுத்த வேண்டும் என்பதற்கு முன்மாதிரியானார்கள். மேலாடை சாதியின் குறி என்பது மங்கி, கற்பின் குறி என்பது நிலைத்தது. முன்பு மறைத்ததற்காகப் பெண்ணைத் தண்டித்த தெரு, இப்போது மறைக்காததற்காக ஏசத் தொடங்கியது.

நினைவில் நிற்பது

இன்றைய பொதுநினைவில் இந்த வரலாறு பெரும்பாலும் நங்கேலியின் கதையாகவே அறியப்படுகிறது. முலைக்கரம் கேட்டு வந்த அதிகாரியின் முன் தன் மார்பை அறுத்து வாழையிலையில் வைத்து உயிர்விட்டதாகச் சேர்த்தலைப் பகுதியில் சொல்லப்படும் ஈழவப் பெண் அவள். கதை வாய்மொழியாக வந்தது. தலைக்கரம், முலைக்கரம் என்ற வரிகள் திருவிதாங்கூரில் இருந்தது உண்மை. ஆனால் அவை ஆண், பெண் உழைப்பாளர்கள் மீது விதித்த தலைவரிகள் என்றும், மார்பை மறைப்பதற்கான கட்டணம் அல்ல என்றும் வரலாற்றாசிரியர்கள் சிலர் வாதிடுகின்றனர். அப்படிப் பார்த்தால் நங்கேலி எதிர்த்தது ஏழையைப் பிழிந்த வரியை. பிற்காலக் கதைசொல்லிகள்தான் அதை மானம் காத்த கதையாக மாற்றினார்கள். 2022இல் வந்த 'பத்தொன்பதாம் நூற்றாண்டு' என்ற மலையாளப் படத்தில் நங்கேலியும் வேலாயுதப் பணிக்கரும் திரையேறினர்.

பாடநூலில் இந்த வரலாறு நிலைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் உடையும் சாதி மோதலும் பற்றிய பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி கேட்கப்படாது என 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ அறிவித்தது. 2019இல் என்சிஇஆர்டி அந்த அத்தியாயத்தையே நீக்கியது. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் நடந்த தோள்சீலைப் போராட்ட இருநூற்றாண்டு விழாவில் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இருவரும் கலந்துகொண்டனர்.

முப்பத்தேழு ஆண்டுக்காலக் கலகத்துக்கு இன்று கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் மிஷனரிகளின் அறிக்கைகள், திவான்களின் அறிவிப்புகள், ரெசிடெண்டுகளின் கடிதங்கள். எல்லாமே பெண்களின் உடலைப் பற்றி ஆண்கள் எழுதியவை. சந்தையில் அடிபட்ட பெண்களின் பெயர்கள் அவற்றில் அரிது. அவர்கள் பேசியது அதனினும் அரிது. அடிபட்டபின்னும் அடுத்த சந்தைக்குத் தோள்சீலையோடு சென்றார்கள் என்ற செய்தி மட்டும் அந்தக் காகிதங்களில் திரும்பத் திரும்பப் புகாராகப் பதிவாகியிருக்கிறது. அவர்கள் தரப்புக்கு எஞ்சியிருக்கும் முதன்மைச் சான்று அந்தப் புகார்கள்தான்.