மூன்று சதவீதத்தின் கதை

1946ல் பிரிட்டிஷ் அரசு ஓர் உத்தரவு போட்டது. இரண்டு வேலைகளை இனிமேல் ஊனமுற்றோர் பட்டியலில் பதிந்தவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒன்று, லிஃப்ட் இயக்குவது. இன்னொன்று, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்வது. அடுத்த ஐம்பது வருடத்தில் அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு வேலை சேரவே இல்லை.

(ஊனமுற்றோர் என்பது அந்தக் காலச் சட்டங்களின் சொல். தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி' அரசு வழக்குக்கு வந்தது 2010ல்தான்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆறு வருடம் இதே மக்கள் அங்கே எல்லா வேலையும் செய்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட, தொழிற்சாலைகளில் ஆள் இல்லை. தொழிலாளர் அமைச்சராக இருந்த எர்னஸ்ட் பெவின், 'இவரால் முடியாது' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு 1941லேயே பயிற்சித் திட்டம் ஆரம்பித்தார். ஆள் பஞ்சம் வந்தால் எல்லோருக்கும் திறமை வந்துவிடுகிறது!

முதல் உலகப் போர் முடிந்தபோது கதை வேறு. கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1919ல் 'மன்னரின் தேசியப் பட்டியல்' என்று ஒன்று தொடங்கினார்கள். தன் ஆட்களில் 5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் சிப்பாய்களாக வைத்துக்கொள்கிற முதலாளி, பட்டியலின் முத்திரையைத் தன் கடிதத் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். அரசு ஒப்பந்தங்களிலும் முன்னுரிமை உண்டு. சட்டம் எதுவும் இல்லை, எல்லாம் விருப்பத்தின் பேரில். சிப்பாய்க்கு மட்டும்தான் இந்தச் சலுகை. சுரங்கத்தில் முதுகெலும்பு உடைந்தவனுக்கும், பிறவியிலேயே பார்வை இல்லாதவனுக்கும் இதில் இடமில்லை.

இளைஞர்கள் பக்கம் இன்னொரு ஏற்பாடு முன்பே வந்திருந்தது. அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்ட பையன் கடிதம் கொண்டு போகிற எடுபிடி வேலைக்குப் போவான். பெரியவனானதும், பெரியவர்களுக்கான சம்பளம் தர வேண்டுமே என்று முதலாளி அவனை அனுப்பிவிட்டு அடுத்த சிறுவனைப் பிடிப்பார். கையில் தொழிலும் இல்லை, வேலையும் இல்லை. 1910 பிப்ரவரி 1 அன்று பிரிட்டனில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அமைச்சர் சர்ச்சில், திட்டத்தின் மூளை வில்லியம் பெவரிட்ஜ் என்ற 30 வயது இளைஞர். (பெவரிட்ஜ் பிறந்தது நம் வங்காளத்து ரங்பூரில். இன்று அது பங்களாதேஷில் இருக்கிறது.) அதே வருடம் இன்னொரு சட்டம் வந்தது. எந்த வேலைக்குப் போகலாம் என்று 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்ல உள்ளூர் கல்வி நிர்வாகங்களுக்கு அது அதிகாரம் கொடுத்தது. வேலைக்கு வழி காட்டுவதும் அரசின் கடமைதான் என்ற எண்ணம் இப்படித்தான் வேர் பிடித்தது. ஆனால் வழி காட்டலாமே தவிர, அந்த வழியின் முடிவில் இருக்கிற கதவைத் திறக்க வைக்க அலுவலகத்துக்கு அதிகாரம் கிடையாது.

கதவைத் திறக்க வைக்கும் முயற்சி 1944ல் வந்தது. ஜார்ஜ் டாம்லின்சன் தலைமையிலான குழு 1943ல் கொடுத்த அறிக்கைதான் அதற்கு அடிப்படை. டாம்லின்சன் 12 வயதில் பஞ்சாலை வேலைக்குப் போனவர். வேலை, பயிற்சி என்பதெல்லாம் அவருக்கு வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. அந்த அறிக்கையின்படி ஒரு பதிவேடு, மறுபயிற்சி மையங்கள், ஒவ்வொரு ஊரிலும் இதற்கென்றே ஓர் அதிகாரி என்று எல்லாம் வந்தன. கூடவே 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்கு ஒரு கட்டாயப் பங்கு. 1946ல் முதலில் 2 சதவீதம், அதே வருடத்தில் 3 சதவீதம். வெளியே போட்டி போட முடியாதவர்களுக்காக ரெம்ப்ளாய் என்ற அரசு நிறுவனமும் பிறந்தது. அதன் முதல் தொழிற்சாலை 1946ல் வேல்ஸில் உள்ள பிரிட்ஜெண்டில் திறந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் பலர் சுரங்கத்தில் அடிபட்டவர்கள். நிலக்கரி வெட்டிய கைகள் வயலினும் மேஜை நாற்காலியும் செய்தன.

சட்டத்தில் ஓட்டை எங்கே இருந்தது? 3 சதவீதத்துக்குக் கீழே இருப்பது குற்றமே இல்லை. கீழே இருக்கும்போது பர்மிட் வாங்காமல் வேறு ஆளை எடுப்பதுதான் குற்றம். பர்மிட்டோ கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது, அதுவும் மொத்த மொத்தமாக. ஐம்பது வருடத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட வழக்குகள் மொத்தம் 10. அரசுத் துறைகளைச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. தாங்களும் பின்பற்றுவதாக அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1990களில் சுமார் ஐந்தில் ஒரு நிறுவனம்தான் 3 சதவீதத்தைத் தொட்டது. பதிவேட்டில் பெயர் கொடுப்பதையே பலர் நிறுத்திவிட்டார்கள். பெயர் கொடுத்து என்ன ஆகப் போகிறது, லிஃப்ட் வேலையா?

இப்போது கதை இந்தியாவுக்கு வருகிறது. நம் ஊரில் வேலைவாய்ப்பு அலுவலகம் பிறந்ததும் போரினால்தான். ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு வேலை தேடித் தர 1945ல் ஓர் இயக்குநரகம் தொடங்கப்பட்டது. பிரிவினை நடந்ததும் அகதிகள் வந்து வரிசையில் நின்றார்கள். 1948ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 1959ல் ஒரு சட்டம் வந்து, காலியிடங்களை அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அலுவலகம் அனுப்புகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை! பத்தாவது முடித்த கையோடு பதிந்துவிட்டு, மறக்காமல் புதுப்பித்து, சீனியாரிட்டி வரும் வரும் என்று காத்திருந்த தலைமுறைகளுக்கு இந்த ஒரு வரி தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அதே 1959ல் பம்பாயில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று முதல் சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் திறந்தது. 1968ல் பம்பாயிலும் ஹைதராபாத்திலும் தொழில் மறுவாழ்வு மையங்கள் வந்தன. பிறகு சென்னை கிண்டியிலும் ஒன்று வந்தது. என்ன செய்ய முடியும் என்று பார்த்து, அதற்கேற்ற பயிற்சி கொடுத்து அனுப்புகிற இடங்கள் இவை.

1977ல் மத்திய அரசு வேலைகளில் இடஒதுக்கீடு வந்தது. எவ்வளவு? அதே 3 சதவீதம். பார்வையற்றோர், காது கேளாதோர், கை கால் பாதிக்கப்பட்டோர் என்று ஆளுக்கு 1. ஆனால் சி, டி பிரிவு வேலைகளில் மட்டும். அதிகாரி ஆகலாம் என்று யாரும் நினைக்கவில்லை. அந்த ஒதுக்கீடும் காகிதத்தில்தான் பெரும்பாலும் இருந்தது. 1980 மார்ச்சில் வேலை கேட்டு டெல்லியில் ஊர்வலம் போன பார்வையற்றவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. வெள்ளைக் கைத்தடியை லத்தி அடித்தது!

1995ல் இரண்டு நாடாளுமன்றங்களும் சட்டம் இயற்றின. பிரிட்டனில் நவம்பரில், இந்தியாவில் டிசம்பரில். பிரிட்டன் சட்டம் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. 3 சதவீதத்தை ரத்து செய்தது. இந்தியச் சட்டம் 3 சதவீதத்தை முதன்முறையாகச் சட்ட உரிமை ஆக்கியது. 1996 பிப்ரவரியில் இங்கே அது அமலுக்கு வந்தது. அதே வருடம் டிசம்பரில் அங்கே அது செத்தது. இந்தியச் சட்டம் தனியார் துறைக்கு ஊக்கச் சலுகை தரலாம் என்றது. இலக்கு 5 சதவீதம். மன்னரின் பட்டியலில் இருந்த அதே 5, அதே 'விருப்பத்தின் பேரில்'.

லிஃப்ட் கேள்வியும் விடாமல் கூடவே வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பதவிகளை அரசு 'அடையாளம் காண' வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு. அதிகாரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடையாளம் கண்ட பதவிகளில்தான் 3 சதவீதம். அடையாளம் காணும்வரை எதுவும் கிடையாது. ரவி பிரகாஷ் குப்தா என்ற பார்வையற்றவர் 2006 சிவில் சர்வீஸ் தேர்வில் தேறியும் வேலை கிடைக்கவில்லை. அவர் வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அரசு பட்டியல் போடாமல் இருந்தது அரசின் தவறு, அதைக் காரணம் காட்டி உரிமையைத் தள்ளிப்போட முடியாது. அடுத்த கேள்வி, எதில் 3 சதவீதம்? 2013 அக்டோபர் 8 அன்று, ஈரோடு மாவட்டத்திலிருந்து போன தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு பதில் சொன்னது. அடையாளம் கண்ட பதவிகளில் இல்லை, அந்தப் பிரிவின் மொத்த இடங்களில். கேட்க சின்ன வித்தியாசம்தான். கணக்குப் போட்டால் காலியிடங்களின் எண்ணிக்கையே மாறிவிடும். வழக்குப் போட்டது தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு.

அந்த 2013ல்தான் ரெம்ப்ளாயின் கடைசி அரசுத் தொழிற்சாலைகளும் பிரிட்டனில் மூடப்பட்டன. தனியாக ஒதுக்கி வைத்து வேலை கொடுப்பது காலத்துக்கு ஒவ்வாது என்றார்கள். அது சரியான வாதம்தான். ஆனால் வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2016ன் புதிய சட்டம் 3ஐ 4 ஆக்கியது. 2015ல் சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின், முழுக்கப் பார்வையற்றவர்களில் முதல் ஆளாக இந்திய வெளியுறவுப் பணிக்குப் போனார். 2021 ஜனவரியில் வந்த மத்திய அரசுப் பட்டியலில் 3,566 பதவிகள் இருந்தன, அவற்றில் 1,046 ஏ பிரிவு. அதே வருடம் ஆகஸ்டில் போலீஸ் பணியை அரசு ஒதுக்கீட்டிலிருந்து விலக்கியது; அதுவும் கோர்ட்டுக்குப் போயிற்று. பார்வையற்றவர் நீதிபதி ஆகக் கூடாது என்று மத்தியப் பிரதேசத்தில் இருந்த விதியை 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.