மாரிமுத்து என்னும் பெயர்

பதுளைக்கு அணித்தாய் நமுனுகுலை மலைச்சாரலில் விளங்கும் ஸ்பிரிங்வெளியிலும், அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் ஆடவர் பெயராக நெடுங்காலம் பயின்று வருவது மாரிமுத்து. எளிய பெயர்தானே, இதில் ஆராய யாது உளது என மாணவர் சிலர் வினவக்கூடும். அவர்பொருட்டே இதனை எழுதலாயினேம்.

மாரி என்பது மழை. முத்து, கடல்தரு மணி. இரண்டையுங் கூட்டி மழைத்துளியாகிய முத்து எனப் பொருளுரைப்பது செவிக்கு இனியதே. ஆயினும், பெயரிட்ட தாயர் கருதிய பொருள் அதுவன்று என்பது எம் துணிபு. வைசூரி கண்ட உடலில் எழும் கொப்புளத்தையே மக்கள் முத்து என்றனர். நோயை நோயென்று சொல்லவும் அஞ்சி, அம்மை வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள் என்று தாழ்ந்த குரலிற் கூறி, வேப்பிலை பரப்பிக் காத்திருந்த குடில்களிலே பிறந்த பெயர் இது. முத்து இறங்கிப் பிழைத்த பிள்ளை மாரிக்கு உரியது; அவளுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளையும் அவ்வாறே. வானம் பார்த்த சீமையில் மழை தருபவளும் அவளே யாதலின், மாரி என்ற சொல்லில் அச்சமும் நன்றியும் ஒருங்கே நின்றன.

இதனைத் தோட்டத்தார் பெயரென்று எளிதாக எண்ணுவாரும் உளர். தமிழிசை மூவருள் ஒருவராகிய தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) வாழ்ந்த காலத்தில் இலங்கை மலைகளில் கோப்பித் தோட்டமே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர் பெருகவே, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் வழியே மக்கள் வந்தனர். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தோர் பலர் நோயால் வழியிலேயே மாண்டனர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவ்வழியின் முடிவில் நிற்பது தற்செயலன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்து, கரகம் பாலிக்கும் திருவிழா ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தது. 1860 முதல் நேத்தாலுக்குச் சென்ற தமிழரிடையே இதே பெயர் குடும்பப் பெயராக உறைந்தது. இங்கோ தந்தை பெயராய் முன்னின்று, பாட்டன் பெயராய்ப் பேரனிடம் மீண்டது. பேரன் என்பதே பெயரன் என்பதன் மரூஉ வன்றோ?

இவ்வழக்கமே பின்னர் இடர்ப்பாடாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் ஈண்டுப் பிறந்தவர் என்றோ நிறுவுமாறு வேண்டிற்று. தோட்டப் பதிவேட்டின் ஆங்கில எழுத்திலோ மாவும் மவும் ஒன்றே. ஆதலின் மாரியின் பிள்ளையும், மரியன்னையின் பெயர் தாங்கிய கத்தோலிக்க மரியமுத்துவும் மயங்க இடமுண்டு. பாட்டனும் பேரனும் ஒரே பெயரினர். தந்தையின் பெயரோ பதிவுதோறும் ஓரெழுத்து வேறு. நோயினின்று பிழைத்ததற்குச் சான்றாக இட்ட பெயர், பிறந்ததற்குச் சான்றாக எழுத்தரின் மேசையில் நின்று தடுமாறியது.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது. வைசூரி 1980இலேயே உலகினின்று ஒழிந்ததென அறிவிக்கப்பட்டுவிட்டது. பள்ளி இடாப்புகளில் இன்றைய பிள்ளைகளின் புதுப்பெயர்களுக்கு முன்னே, தலைப்பெழுத்தாக, மாரிமுத்து இன்னும் நிற்கிறான்.