நாடு திரும்பிய யூதரும் கலப்பு மணமும்



கி.மு. 586 வாக்கில் பாபிலோனியப் படை எருசலேமைப் பிடித்துக் கோயிலை எரித்தது. யூதரின் தலைமக்களையும் கைவினைஞரையும் சிறைபிடித்துச் சென்றது. ஏழை உழவர் பலர் ஊரிலேயே விடப்பட்டனர். கி.மு. 539இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனை வென்று, சிறைப்பட்டோர் நாடு திரும்ப வழிவிட்டார். இவ்வளவும் பலர் அறிந்ததே. திரும்பி வந்தபின் நடந்ததைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

சொந்த அரசனில்லை; படையில்லை. இந்நிலையில் ஓர் இனத்தை எது கட்டிக்காக்கும்? வேதமும் குடும்பமுமே என்றார் எஸ்றா என்னும் குரு. அவர் கி.மு. 458இல் வந்தார் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. குருமார் உட்படப் பலர் அயலினப் பெண்களை மணந்திருப்பதைக் கேட்டதும் ஆடையைக் கிழித்து, தலைமயிரையும் தாடியையும் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளில் எல்லாரும் எருசலேம் வரவேண்டும், வராதவர் சொத்து பறிபோகும் என்று ஆணை பிறந்தது.

அது மழைக்காலம். கோயில் முன்றிலில் மக்கள் அச்சத்தாலும் அடைமழையாலும் நடுங்கிக்கொண்டிருந்தனர். அயல்மனைவியரை விலக்க இணங்கினர்; ஆனால் மழை கொட்டுகிறது, இது ஓரிரு நாள் வேலையன்று என்று தவணை கேட்டனர். பின்னர் விசாரணை மூன்று மாதம் நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயர்கள் எஸ்றா நூலில் வரிசையாக உள்ளன. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. அவர்களும் பிள்ளைகளும் எங்கே போனார்கள், யார் சோறு போட்டார்கள் என்றும் அந்நூல் சொல்லவில்லை. நமக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

கி.மு. 445இல் ஆளுநராக வந்து மதிலைக் கட்டியவர் நெகேமியா. கலப்பு மணம் செய்தோர் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத் ஊர் மொழியைப் பேசினர்; யூத மொழி அவர்களுக்கு வரவில்லை. மொழி போனால் நாளை வேதம் வாசிப்பவர் யார்? அவரது அச்சம் நமக்கும் புரிகிறது. ஆனால் தகப்பன்மாரைச் சபித்ததாகவும், சிலரை அடித்து மயிரைப் பிடுங்கியதாகவும் அவரே எழுதியிருக்கிறார்! அடியால் எந்தப் பிள்ளைக்கு மொழி வந்தது? இனிப் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை என்று சத்தியமும் வாங்கினார். நிலம் அயலார் கைக்குப் போய்விடும் என்ற கவலையும் இதில் கலந்திருக்கலாம் என்பர் அறிஞர்.

எல்லாரும் இப்படி எண்ணவில்லை. அதே வேதத்தில் ரூத் என்னும் மோவாபியப் பெண்ணின் கதையும் இருக்கிறது. கணவனை இழந்தவள், விதவையான மாமியாரைக் கைவிடாமல் பெத்லகேம் வந்து, வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தாள். போவாஸ் அவளை மணந்தார். அவளுடைய கொள்ளுப்பேரன்தான் மன்னன் தாவீது.

எஸ்றாவின் காலத்தையொட்டி, எகிப்தில் நைல் நதியின் எலிபன்டைன் தீவில் பாரசீகருக்காகக் காவல் புரிந்த யூதர் தங்களுக்கென ஒரு கோயிலும் வைத்திருந்தனர். அக்கோயில் ஊழியரான அனனியா, தாமுத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணைக் கி.மு. 449இல் மணந்தார். பாப்பிரஸ் தாளில் எழுதிய அந்தத் திருமணப் பத்திரம் நியூயார்க்கிலுள்ள புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தம் காலத்துக்குப்பின் தாமுத்துக்கும் அவள் மகளுக்கும் விடுதலை என்று அவளுடைய எசமானர் கி.மு. 427இல் எழுதிக் கொடுத்த பத்திரமும் கிடைத்துள்ளது. மகளின் பெயர் யெகோயிஷ்மா. யூதரின் தெய்வமான யெகோவா செவிசாய்ப்பார் என்பது அதன் பொருள்.