பஸ்டர் கீட்டனின் வீழ்ச்சிக்குக் காரணம் யாது?

ஊமைப்படக் காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகருள் சாப்ளினோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவர் பஸ்டர் கீட்டன். அவரைப் பற்றி எழுதுவோருட் பலர், பேசும்படம் வந்தமையாலேயே அவர் வீழ்ந்தார் என்று கூறிச் செல்வர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமை கொண்டே முன்னதைப் பின்னதற்குக் காரணமாக்குதல் ஆராய்ச்சி நெறியாகாது. கிடைக்கும் செய்திகளைக் கால முறையில் வைத்து நோக்கின் உண்மை வேறாதல் புலனாகும்.

கீட்டன் 1895ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்துப் பிக்குவா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஊர்தோறும் சென்று ஆடிய மேடைக் கலைஞர். தந்தை மேடைமீது மகனைத் தூக்கி எறிவார், சிறுவர் அடிபடாது விழுந்து எழுவார், அவையோர் ஆரவாரிப்பர். இது கொடுமையோ என ஐயுற்றுச் சிறுவர் காப்புச் சங்கத்தார் ஆராய்ந்ததும் உண்டு. தாம் சிரிப்பின் அவையோர் சிரிப்புக் குறைகின்றது என்பதை அவர் அப்பருவத்திலேயே உணர்ந்துகொண்டார். உலகம் பின்னர் அவரைக் 'கல்முகத்தார்' என்றதற்கு மூலம் இதுவே. பேதைமையும் மடனும் நகைக்கு நிலைக்களனாதலைத் தொல்காப்பியம் பயின்றார் அறிவர். தம் பேதைமையைத் தாம் அறியாதார்போல் நிற்றலே கீட்டன் கைக்கொண்ட முறை.

1917இல் ஆர்பக்கிள் என்னும் நடிகரோடு சேர்ந்து படத்துறை புகுந்த அவர், 1920 முதல் தமக்கெனத் தனிக்குழு உடையரானார். பொருள் தந்தவர் ஜோசப் ஷென்க். கதையும் காட்சியும் கீட்டன் வழியே நடந்தன. 1926இல் உருவான 'தி ஜெனரல்' அவ்வுரிமையின் முழுப் பயன் எனலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862ஆம் ஆண்டு நிகழ்ந்த ரயில் எஞ்சின் கடத்தலே அதன் கதை. ஆரெகன் மாநிலத்துக் காட்டேஜ் குரோவ் ஊர்ப்புறத்தில், எரியும் பாலத்தின்மீது மெய்யான எஞ்சினையே செலுத்தி ஆற்றில் வீழ்த்திப் படமெடுத்தனர். ஓடும் வண்டியில் அவர் தாமே செய்த செயல்கள் இன்றும் காண்பாரை நடுங்கச் செய்வன. ஆயின் அந்நாளைய திறனாய்வாளர் பலர் அதனை விரும்பிலர். செலவிற்கேற்ற வருவாயும் வரவில்லை. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கியபோது முதற்கண் தெரிந்தெடுத்த இருபத்தைந்து படங்களுள் அதுவும் ஒன்றாயிற்று.

1928இல் ஷென்க்கின் ஏற்பாட்டால் கீட்டன் எம்.ஜி.எம். நிறுவனத்தைச் சேர்ந்தார். தம் வாழ்வின் பெரும் பிழை இதுவே என 1960இல் வெளியான தம் வரலாற்றில் அவரே குறிக்கின்றார். ஆங்கு அவர் முதலில் நடித்த 'தி காமிராமேன்' (1928), 'ஸ்பைட் மேரேஜ்' (1929) ஆகிய இரண்டும் உரையாடல் அற்றனவே. பின்னதைப் பேசும்படமாக்க அவர் விரும்பியும் நிறுவனம் இசைந்திலது! பேச்சை அஞ்சியவர் இவ்வாறு விரும்புவரோ? மேடையில் வளர்ந்தவர்க்குக் குரல் ஒரு தடையன்று. அவர் நடித்த பேசும்படங்கள் சில நல்ல வருவாயும் ஈட்டின. சிலவற்றின் வேற்றுமொழி வடிவங்களிலும் அவரே பேசி நடித்தார். அவர் இழந்தது கதையை ஆக்கும் உரிமையை. பிறர் எழுதிய சொற்களை ஒப்பிக்கும் கூலி நடிகராக நின்றதே இழிவாயிற்று.

குடிப்பழக்கமே காரணம் என்பாரும் உளர். அதனை முற்றும் மறுத்தற்கில்லை. எனினும் அது மிக்கோங்கியது இவ்வாண்டுகளிலேயே ஆதலின், அதனைத் தனிக் காரணமாகக் கொள்ள யாம் ஒருப்படோம். 1932இல் முதல் மணம் முறிந்தது. 1933இல் நிறுவனம் அவரை விலக்கிற்று. அந்நிறுவனத்திற்கே பின்னர்ச் சிறு ஊதியத்திற்கு நகைச்சுவைத் துணுக்குகள் புனைந்து தந்தார் என்பது வருந்தத்தக்கது.

1949இல் ஜேம்ஸ் ஏஜீ எழுதிய கட்டுரை கற்றோர் நோக்கை மீண்டும் அவர்பால் திருப்பிற்று. 1952இல் சாப்ளினின் 'லைம்லைட்' படத்தில் இருவரும் ஒருங்கே தோன்றினர். 1965இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கீட்டன் மறைந்தார்.