160க்கும் 152க்கும் இடையே: சிறு டர்போ எஞ்சினும் கியர் பெட்டியும், கீழப்பாவூர்–புளியரைச் சாலையை முன்வைத்து

ஒரே எஞ்சின், இரண்டு கியர் பெட்டிகள், இரண்டு முறுக்குவிசை எண்கள். 2020 டிசம்பரில் ஒரகடம் ஆலையிலிருந்து விற்பனைக்கு வந்த நிசான் மேக்னைட்டின் விற்பனைக் கையேட்டில் இந்த முரண் அச்சாகியிருக்கிறது. 999 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 5000 சுற்றில் 100 குதிரைத்திறன் என்பதுவரை இரு வகைகளுக்கும் பொது. ஐந்து கியர் மேனுவலுக்கு நிமிடத்துக்கு 2800 முதல் 3600 சுற்றுவரை 160 நியூட்டன் மீட்டர். சிவிடி எனப்படும் படியில்லாத் தானியங்கிப் பெட்டிக்கு 2200 முதல் 4400 சுற்றுவரை 152 நியூட்டன் மீட்டர்.

இந்த எட்டு நியூட்டன் மீட்டர் வேறுபாட்டிலிருந்து ஒரு வாசிப்பு எழுந்து, ஏறத்தாழ மரபாகவே நிலைத்துவிட்டது. சிறு டர்போ எஞ்சின் இயல்பிலேயே மேனுவல் பெட்டிக்கு உரியது. தானியங்கியோடு இணைக்கும்போது அதை வலுக்குறைத்தே இணைக்க வேண்டியிருக்கிறது. மலைச்சாலைக்காரர் மேனுவலையே நாட வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வாசிப்பு எண்களைச் சரியாகவே எடுத்துக்காட்டுகிறது, ஆனால் தவறாகப் படிக்கிறது என்பது என் கருத்து. சான்று அச்சிட்ட நான்கைந்து புள்ளிகள் மட்டுமே ஆதலால், முழு வளைகோட்டை அறிந்தவர்போல இங்கே பேசமாட்டேன். அப்புள்ளிகள் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் பேசுகிறேன்.

முதலில் 'தானியங்கி என்பதால்' என்ற காரணத்தைத் தள்ளிவிடலாம். அது ஒரு பத்திக்கு மேல் தேறாது. மாருதி ஃபிராங்ஸின் 998 சிசி பூஸ்டர்ஜெட் எஞ்சின் ஐந்து கியர் மேனுவலோடும் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் தானியங்கியோடும் வருகிறது. இரண்டுக்கும் 147.6 நியூட்டன் மீட்டர்தான். ஃபோக்ஸ்வாகன் டைகுனின் 1.0 டிஎஸ்ஐக்கு மேனுவலிலும் தானியங்கியிலும் 178. டாடா நெக்ஸானின் 1.2 டர்போவுக்கு எந்தப் பெட்டியானாலும் 170. தானியங்கி என்ற இனமே எஞ்சினை வலுக்குறைக்கக் கோருமானால் இவை எல்லாவற்றிலும் அந்தத் தடம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆகவே மேக்னைட்டின் எட்டு நியூட்டன் மீட்டருக்குக் காரணத்தைக் குறிப்பிட்ட அந்தப் பெட்டியில்தான் தேட வேண்டும்.

இனி அந்த வரிக்கே வருவோம். முந்தைய வாசிப்பு உச்ச எண்ணை மட்டும் ஒப்பிட்டது. அதற்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் சுற்று எல்லையை ஒப்பிடவில்லை. மேனுவலில் உச்சம் நீடிப்பது 800 சுற்று. சிவிடியில் 2200 சுற்று. உயரம் நூற்றுக்கு ஐந்து குறைய, அகலம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வலுக்குறைத்த எஞ்சின் இப்படி நடந்துகொள்ளாது. டர்போ அழுத்தத்தைச் சீராகக் குறைத்திருந்தால் மேடு முழுவதும் தாழ்ந்திருக்கும்; விளிம்புகள் இருபுறமும் விரிந்திருக்க நியாயமில்லை.

வலப்பக்க விளிம்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5000 சுற்றில் 100 குதிரைத்திறன் என்றால் அந்தப் புள்ளியில் முறுக்குவிசை ஏறத்தாழ 140 நியூட்டன் மீட்டர். இது இரு வகைக்கும் பொதுவான புள்ளி. மேனுவல் எஞ்சின் 3600 சுற்றில் 160லிருந்து 5000 சுற்றில் 140க்கு இறங்குகிறது. இடையே நேர்கோடு போட்டால் 4400 சுற்றில் 149 வருகிறது. உண்மையான வளைகோடுகள் இப்பகுதியில் நேர்கோட்டுக்குச் சற்று மேலாகவே புடைத்திருப்பது வழக்கம். அப்படியானால் மேனுவல் எஞ்சினும் 4400 சுற்றில் 150ஐ ஒட்டித்தான் நிற்கிறது. சிவிடிக்கு அச்சிட்டிருப்பது 152. இரண்டும் ஒரே புள்ளி என்று சொல்வதில் பெரிய துணிச்சல் எதுவும் தேவையில்லை.

ஆகவே என் முடிபு இது: கையேட்டில் இருப்பவை இரண்டு எஞ்சின்கள் அல்ல, ஒரே வளைகோடும், அதன் குறுக்கே 152இல் போட்ட ஒரு கூரையும். மலையின் முகட்டை மட்டும் சீவி எடுத்தால் கிடைக்கும் சமதளம் முகட்டைவிட அகலமாகத்தானே இருக்கும். சிவிடிக்காரர் இழப்பது 2200க்கும் 4400க்கும் நடுவே எட்டு நியூட்டன் மீட்டருக்கு மிகாத ஒரு சீவல். மற்ற இடங்களில் அவர் எதையும் இழந்ததற்குக் கையேட்டில் சான்று இல்லை.

கூரை ஏன்? சிவிடியில் பல்சக்கரங்களின் படிகள் இல்லை. விட்டம் மாறும் இரு கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. பட்டை நழுவாமலிருக்க எண்ணெய் அழுத்தத்தால் கப்பிகள் அதை நெருக்கிப் பிடிக்க வேண்டும். கடத்த வேண்டிய முறுக்குவிசை கூடினால் நெருக்கமும் கூட வேண்டும். நெருக்கம் கூடினால் எண்ணெய் பம்ப் விழுங்கும் ஆற்றலும் கூடும். டர்போ எஞ்சினில் முறுக்குவிசை படிப்படியாக ஏறாமல் பூஸ்ட் எனப்படும் டர்போ அழுத்தம் வந்ததும் திடுமென எழும். அந்த எழுச்சிக்கு மேல்வரம்பு வைப்பது பட்டையைக் காக்கும் ஏற்பாடாக இருக்கலாம். காரணத்தை ஆலைக்காரர் அச்சிடவில்லை என்பதால் இதை ஊகமாகவே வைக்கிறேன். கூரை இருக்கிறது என்பதன் அளவுக்கு இது உறுதியானதல்ல. ஹோண்டா சிட்டியில் மேனுவலுக்கும் சிவிடிக்கும் ஒரே 145 அச்சாகியிருக்கிறதே என்று மறுக்கலாம். அது டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் எஞ்சின், பெட்டியும் வேறு. இந்த வழக்கில் அது சாட்சி ஆகாது.

எட்டு நியூட்டன் மீட்டர் எங்கே தேவைப்படுகிறது என்பதற்குச் சாலைதான் பதில் சொல்ல வேண்டும். கீழப்பாவூரிலிருந்து புறப்படும் வண்டி பாவூர்சத்திரத்தில் திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் ஏறி, தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை வரும்வரை எந்தப் பெட்டி என்ற கேள்வியே எழாது. சமவெளியில் எல்லா வண்டியும் நல்ல வண்டி. புளியரை எஸ் வளைவிலிருந்து ஆரியங்காவு கணவாய்வரை உள்ளதுதான் சோதனை. கொடைக்கானலோடு ஒப்பிட்டால் இது சின்ன ஏற்றம் என்பார்கள். இருக்கட்டும், இவ்வட்டாரத்து வண்டிகள் அடிக்கடி ஏறுவது இதில்தான். அந்த ஏற்றத்தில் காரின் வேகத்தைக் காரோட்டி முடிவு செய்வதில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறியும், வேறு இடங்களிலிருந்து சிமெண்டும் ஏற்றிக் கேரளம் போகும் லாரிகள் முடிவு செய்கின்றன. முன்னே சுமை லாரி போனால் பின்னால் வருபவருக்கு வாய்ப்பது 20 கிலோமீட்டர் வேகம்.

அந்த வேகத்தில் எஞ்சின் எங்கே நிற்கும்? மேக்னைட்டின் 195/60 ஆர்16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 166 சுற்று. இவ்வகை ஐந்து கியர் பெட்டிகளில் இரண்டாம் கியரின் மொத்த விகிதம் பெரும்பாலும் 8க்கும் 9க்கும் இடையே. முதல் கியரில் 15, 16, 17 என்று போகும். ஆக இரண்டாம் கியரில் எஞ்சின் 1400 சுற்றை ஒட்டியும், முதல் கியரில் 2600ஐ ஒட்டியும் சுழலும். நடுவில் ஒன்றும் இல்லை. முந்தைய வாசிப்பு கொண்டாடும் 160 நியூட்டன் மீட்டர் தொடங்குவது 2800இல். அதைத் தொட வேண்டுமானால் ஓடும் வண்டியை முதல் கியருக்கு இறக்கி, அதற்கும் மேலே முறுக்க வேண்டும். பழகிய ஓட்டுநரும் அதைத் தவிர்ப்பார். செய்பவர்கள் இருக்கலாம், அவர்களை வைத்து விதி எழுத முடியாது.

ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. ஆட்களோடு 1300 கிலோ எடையுள்ள வண்டி நூற்றுக்கு ஆறு சரிவில் 20 கிலோமீட்டர் சீர்வேகத்தில் ஏற ஐந்து, ஆறு கிலோவாட் போதும். இரண்டாம் கியரில் 1400 சுற்றில் அது தாராளமாகக் கிடைக்கும். சரி. ஆனால் 'வண்டி இழுக்கல' என்ற புகார் சீர்வேகத்தில் எழுவதில்லை; லாரி ஒதுங்கி வழிவிட்ட கணத்தில் எழுகிறது. பூஸ்ட் எழாத நிலையில் ஒரு லிட்டர் எஞ்சினிடம் என்ன இருக்கும் என்பதற்கு அதே மேக்னைட்டின் டர்போ இல்லாத வகையே அளவுகோல்: உச்சமே 96 நியூட்டன் மீட்டர், அதுவும் 3500 சுற்றில். 1400 சுற்றில் 90 என்று தாராளமாகக் கொண்டாலும் 13 கிலோவாட்தான். அந்தக் கணத்தில் 2200 சுற்றுக்கு எழும் சிவிடியிடம் 152 நியூட்டன் மீட்டர், அதாவது 35 கிலோவாட் இருக்கும். சிவிடியும் விகிதத்தை மாற்றி எழ ஒரு கணம் எடுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் இரைச்சல் முன்னே போய் வண்டி பின்னே வரும் அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அது போய்ச் சேரும் இடம் மேனுவல்காரர் இரண்டாம் கியரில் அந்தக் கணத்தில் எட்ட முடியாத இடம். சண்டை 160க்கும் 152க்கும் என்று தோன்றியது. சாலையில் அது 90க்கும் 152க்கும் இடையே நடக்கிறது.

மைலேஜ் எண்கள் முந்தைய வாசிப்புக்குத் துணையாக அடிக்கடி வருகின்றன. மேக்னைட் மேனுவல் லிட்டருக்கு 20 கிலோமீட்டர், சிவிடி 17.7, நூற்றுக்குப் பதினொன்றரை இழப்பு. இதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஃபிராங்ஸில் 21.5க்கு 20.01, அதாவது ஏழு. டைகுன் வந்த புதிதில் 18.1க்கு 16.44, ஒன்பது. 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் 1.0 டர்போவில் மேனுவலுக்கு 18.27, ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு 18.15; வேறுபாடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்றுக்கும் கீழிருந்து பன்னிரண்டுவரை அலையும் எண்ணை வைத்துத் 'தானியங்கி' என்ற ஒரே தலைப்பில் தீர்ப்பு எழுத முடியாது. தவிர, இவை மேடு பள்ளமற்ற உருளைகளின் மேல் எடுத்த எண்கள். நம் சோதனைச் சுழற்சிக்குத் தாயான பழைய ஐரோப்பியச் சுழற்சியில் மேனுவல் வண்டிக்கு எந்த வேகத்தில் எந்தக் கியர் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கும்: 15 கிலோமீட்டரில் இரண்டு, 35இல் மூன்று. புளியரையில் இழுக்காத அதே இரண்டாம் கியர் சோதனைக்கூடத்தில் மைலேஜை ஏற்றிக் காட்டுகிறது. தானியங்கிக்கு அப்படி எழுதிவைப்பதில்லை. அது தன் கணக்கில் மாற்றிக்கொள்கிறது.

குற்றாலச் சீசனைக் குறிப்பிடாமல் விட்டால் இவ்வட்டாரத்து வாசகர் மன்னிக்கமாட்டார். சாரல் விழும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிச் சாலையில் வண்டிகள் ஊர்வதை ஏற்றம் என்பதைவிட நிற்றல் என்றே சொல்ல வேண்டும். அங்கே மேனுவல்காரர் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார். உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் உள்ளே அதே வேலையைச் செய்து சூடேறுகிறது. இந்த ஒரு வகைத் தானியங்கி பற்றிய ஐயம் எனக்கும் உண்டு. 2013இல் இந்தியாவுக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டியோடு மட்டுமே விற்றது. அதே நிறுவனம் 2020இல் போலோவுக்கு ஒரு லிட்டர் டர்போவைத் தந்தபோது டார்க் கன்வர்ட்டர் பெட்டிக்கு மாறியது. அதே 2013இல் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் தன் ஒரு லிட்டர் டர்போவை மேனுவலோடு மட்டும் கொடுத்து, இரட்டைக் கிளட்சை டர்போ இல்லாத ஒன்றரை லிட்டருக்கு ஒதுக்கியது. ஒரே ஆண்டில் இரு நிறுவனங்கள் நேரெதிர் இணைகளைச் செய்திருக்கின்றன. எஞ்சினின் 'இயல்பு' எந்தப் பெட்டியைக் கேட்டது என்று இதிலிருந்து எவரும் சொல்ல முடியாது. ஏஎம்டி மேனுவல் பெட்டியேதான், கிளட்ச் மிதிப்பதும் கியர் மாற்றுவதும் கருவி. அதை இந்த விவாதத்துக்குள் கொண்டுவரத் தேவையில்லை.

இறக்கத்தில் மட்டும் முந்தைய வாசிப்புக்கு வலு உண்டு. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்ட மேனுவல் வண்டி தானே பிடித்து இறங்கும். விகிதத்தைத் தளர்த்திக்கொண்டே போகும் பெட்டியில் பிரேக்குக்குக் கூடுதல் வேலை. ஆனால் அந்த வாதத்துக்கு 160 என்ற எண்ணின் துணை தேவையே இல்லை. அதை முறுக்குவிசைக் கணக்கோடு சேர்த்துக் கட்டியதால்தான் இரண்டும் குழம்பின.

கூரை வாசிப்பைச் சரிபார்க்க ஓர் எண் போதும்: மேனுவல் வகை 2200 சுற்றில் தரும் முறுக்குவிசை. கையேடு அதைச் சொல்வதில்லை. டைனமோமீட்டர் உள்ள எந்தப் பொறியியல் கல்லூரியிலும் அளந்துவிடலாம். அது 152ஐ ஒட்டி வந்தால் கூரை வாசிப்பு நிற்கும். 130 என்று வந்தால் சிவிடிக்கு எஞ்சினைத் தனியாகவே அமைத்திருக்கிறார்கள் என்று பொருள். கூரை வாசிப்பை விட்டுவிட நான் தயார். ஆனால் அப்படி வந்தாலும் 2200 சுற்றில் வலுக்குறைந்தது மேனுவல்தான் என்றாகும். முந்தைய வாசிப்புக்கு அந்த எண்ணும் உதவாது.