ஏர் சிலோன் முதல் ஸ்ரீலங்கன் வரை: தமிழக வானில் இலங்கை விமானச் சேவை

இலங்கையின் தேசிய விமான நிறுவனம் ஏர் சிலோன், ஏர்லங்கா, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் என்று மூன்று பெயர்களில் தமிழகத்துக்குப் பறந்து வந்திருக்கிறது. அதன் முதல் வெளிநாட்டு நகரம் சென்னை. கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 650 கிலோமீட்டர். திருச்சி 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த அண்மை அந்த நிறுவனத்துக்கு எளிதாகப் பயணிகளைத் தந்தது, ஆனால் எளிதாக லாபத்தைத் தரவில்லை. ஒரு மணி நேரப் பறப்புக்குப் பெரிய கட்டணம் கேட்க முடியாது. விமானத்தை ஏற்றி இறக்கும் செலவோ, நிலையக் கட்டணமோ தூரம் குறைந்தது என்பதற்காகக் குறைவதில்லை. எனவே தமிழகப் பயணியைக் கொழும்போடு இறக்கிவிடுவதா, அங்கிருந்து வேறு நாட்டுக்கு ஏற்றிச் செல்வதா என்ற கேள்வியே இச்சேவையின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை நடத்தியிருக்கிறது.

விமானம் வருவதற்கு முன்பே இவ்வழியில் ஆள் நடமாட்டம் மிகுதி. 1914 முதல் போட் மெயில் சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயிலாகவும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலாகவும், பின் கொழும்புக்கு மீண்டும் ரயிலாகவும் ஒரே பயணச்சீட்டில் மக்களைக் கொண்டு சென்றது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர், செட்டிநாட்டு வணிகர், யாழ்ப்பாணத்து மாணவர் எல்லோருக்கும் அதுவே வழி. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் அமைந்த புதிய விமானத் தளத்தில் 1935 நவம்பர் 27 அன்று முதலில் இறங்கிய விமானமும் சென்னையிலிருந்து போனதுதான். அதை ஓட்டியவர் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. 1938-இல் டாடா நிறுவனம் தன் கராச்சி–சென்னை அஞ்சல் சேவையைத் திருச்சி வழியாகக் கொழும்புக்கு நீட்டியது.

ஏர் சிலோன் 1947-இல் அமைந்தது. முன்னின்று அமைத்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஜான் கொத்தலாவல. அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று அதன் முதல் சேவை இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை வந்து சேர்ந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முந்தைய நிகழ்வு இது. நிறுவனத்திடம் இருந்தவை மூன்று டகோட்டா விமானங்கள். அவற்றுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று பெயர் சூட்டியிருந்தார்கள். சுனேத்ராதேவி 1949 டிசம்பரில் திருச்சியில் விபத்துக்குள்ளானது.

காங்கேசன்துறையில் நின்று வந்ததை வெறும் இடைநிறுத்தமாகக் கொள்ளக் கூடாது. அங்குள்ள பலாலி விமானத் தளத்தில் ஏறினால் கொழும்பைக் காணாமலே சென்னைக்கோ திருச்சிக்கோ வந்துவிட முடிந்தது யாழ்ப்பாணத்தாருக்குப் பெரும் வசதி. கல்யாணப் பட்டு, மருத்துவம், கோயில், சினிமா எல்லாவற்றுக்கும் அவர்களுக்குச் சென்னை பக்கத்து ஊர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது போட் மெயிலின் கடல்வழி நிலைகுலைந்தது. ஏர் சிலோன் ஆவ்ரோ 748 விமானத்தை வாங்கியதும் அவ்வாண்டில்தான். குறுகிய ஓடுபாதைக்கு ஏற்ற அந்த டர்போபிராப் விமானம் பாக் நீரிணையைக் கடக்க மிகப் பொருத்தமாக அமைந்தது. நீள்தூரச் சேவைக்கு மட்டும் ஏர் சிலோன் எப்போதும் பிறர் கையை நம்பியது. ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ், கே.எல்.எம்., பி.ஓ.ஏ.சி., பிரான்சின் யு.டி.ஏ. என்று கூட்டாளிகள் மாறினார்கள். சொந்தக் காலில் நின்ற பகுதி தமிழகச் சேவைதான். 1970களின் இறுதியில் நிறுவனம் நொடித்தபோது பலாலி–தமிழகத் தொடர்பும் அறுந்தது. அது மீள நாற்பது ஆண்டு ஆயிற்று.

ஏர்லங்கா 1979 செப்டம்பர் 1 அன்று பறக்கத் தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707 விமானங்களே முதலீடு. நிர்வாக உதவியும் அங்கிருந்தே வந்தது. சிறிய தீவு ஒன்று தன் மக்கள்தொகையை நம்பாமல், அண்டை நாட்டுப் பயணிகளைத் தன் ஊர் வழியாகத் திருப்பிவிட்டு உலக நிறுவனமாகலாம் என்ற சிங்கப்பூர்ப் பாடத்தைக் கொழும்பு அப்போதுதான் கையில் எடுத்தது. அதற்கேற்ற அண்டைச் சந்தை தென்னிந்தியா.

தொடக்கத்தில் சென்னை–கொழும்பு விமானங்களை நிரப்பியவர்களில் 'குருவி' என்று பேச்சுவழக்கில் குறிக்கப்பட்ட சிறு வியாபாரிகள் முக்கியமானவர்கள். புடவை, கைலி, எவர்சில்வர்ப் பாத்திரம் கொண்டுபோய், மின்சாதனமும் வாசனைத் திரவியமும் கொண்டுவந்து பர்மா பஜாரில் கொடுத்தவர்கள் இவர்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த இந்தியாவில் இத்தொழிலுக்கு வரவேற்பு இருந்தது. இருக்கையின் அகலத்தையோ சாப்பாட்டின் தரத்தையோ விட, எத்தனை கிலோ சாமான் ஏற்ற விடுவார்கள் என்பதே இவர்களுக்குக் கணக்கு. இவ்வழியில் சாமான் சலுகை போட்டியின் ஆயுதமானதற்கு இதுவே வேர்.

இலங்கையின் உள்நாட்டுப் போர் இச்சந்தையை உலுக்கியது. 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், ஏர்லங்கா விமானத்தில் ஏற்றப்பட வேண்டிய பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1986 மே 3 அன்று கட்டுநாயக்கவில் ஏர்லங்காவின் டிரைஸ்டார் விமானத்தில் வெடித்த குண்டுக்கு 21 பேர் பலியாயினர். சுற்றுலாப் பயணி ஒதுங்கினார். ஆனால் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே உறவினரைப் பார்க்கப் போகிறவரும், புலம்பெயரும் வழியில் இருப்பவரும் ஒதுங்க முடியவில்லை. 1990களில் ஏர்பஸ் ஏ320, ஏ340 விமானங்களை வாங்கிய ஏர்லங்காவுக்குப் போர்க்காலத்திலும் சென்னையும் திருச்சியும் கைகொடுத்தன என்றால் மிகையில்லை.

1998-இல் எமிரேட்ஸ் 40 விழுக்காட்டுப் பங்கை வாங்கிப் பத்தாண்டு நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. நிறுவனம் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஆனது. 2001 ஜூலை 24 அன்று விடுதலைப் புலிகள் கட்டுநாயக்க மீது நடத்திய தாக்குதலில் அதன் ஏர்பஸ் விமானங்கள் சில முற்றாக அழிந்தன. காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. ஐரோப்பியப் பயணிகள் வராத அந்த நெருக்கடியில் நிறுவனம் இந்தியா பக்கம் திரும்பியது. 2002-இல் போர்நிறுத்தம் வந்தது. அடுத்து இந்தியா தன் வான்வழிக் கொள்கையைத் தளர்த்தியது. ஆசியான் நாடுகளுக்கும் பின்னர் இலங்கைக்கும் பெருநகரங்களுக்குத் தினசரிச் சேவையும், 18 சுற்றுலா நகரங்களுக்கு வரம்பில்லாச் சேவையும் அனுமதிக்கப்பட்டன. அந்தப் பதினெட்டில் திருச்சியும் உண்டு. மதுரையும் கோவையும் இல்லை. அயல்நாட்டு நிறுவனங்கள் திருச்சியில் குவிந்ததற்கு அவ்வூர்க்காரர்களின் வெளிநாட்டுத் தொடர்பு ஒரு காரணம் என்றால், இந்தப் பட்டியல் இன்னொரு காரணம். சில ஆண்டுகளில் இந்தியாவுக்கு அதிகம் பறக்கும் அயல்நாட்டு நிறுவனம் என்ற நிலையை ஸ்ரீலங்கன் எட்டியது.

கொழும்பு வழியாக வேறு நாட்டுக்குப் போகும் இணைப்புப் பயணம் இயங்கும் விதம் இதுதான். சென்னை, திருச்சி, கொச்சி, திருவனந்தபுரம் விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கட்டுநாயக்கவில் இறங்கும். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சிங்கப்பூர், மாலே, வளைகுடா, லண்டன் விமானங்கள் கிளம்பும். ஒரு விமானம் தாமதித்தால் அடுத்த பத்து விமானங்களின் இருக்கைகள் காலியாகும். புவியியல் எல்லாத் திசைக்கும் உதவாது. மாலைத்தீவுக்கும் மெல்பர்னுக்கும் கொழும்பு வழியிலேயே இருக்கிறது. துபாய்க்கோ தோகாவுக்கோ போகிறவர் முதலில் தெற்கே போய், பிறகு வடமேற்கே திரும்ப வேண்டும். அந்தச் சுற்றுக்கு ஈடாகக் கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டும். தஞ்சை, புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்துத் தொழிலாளிக்கு டிராவல்ஸ்காரர் கொழும்பு வழி டிக்கெட் போட்டுக் கொடுத்ததற்கு அந்தக் குறைந்த விலையும் கூடுதல் சாமானும் காரணம்.

சேவையைத் தமிழகத்துக்கு ஏற்பச் செதுக்குவதில் இந்நிறுவனத்துக்கு ஓர் இயற்கை வசதி உண்டு: தமிழ் அதன் நாட்டின் ஆட்சிமொழி. விமானத்துக்குள் அறிவிப்பு சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வரும். மயிற்பீலி வடிவப் புடவை கட்டிய பணிப்பெண் ஆயுபோவனோடு வணக்கமும் சொல்வார். வளைகுடாவுக்கு முதல்முறை போகும் தொழிலாளிக்கு இது சிறிய உதவியன்று. உணவு கடினமான பகுதி. ஒரு மணி நேரப் பறப்பில் விமானம் சமநிலைக்கு வந்து மீண்டும் இறங்கத் தொடங்கும் இடைவெளி அரை மணிக்குச் சற்று மேல். அதற்குள் தட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். சைவ உணவு கேட்பவர் விகிதம் இவ்வழியில் கூடுதல். ஐரோப்பிய வழிகளில் முன்பதிவு செய்தால் மட்டும் கிடைக்கும் சைவச் சாப்பாடு, இங்கே எல்லோருக்குமான இரண்டு தெரிவுகளில் ஒன்றாக ஏற்றப்பட வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் வருகிறவர்களின் தேவை வேறு: வேளாங்கண்ணிக்கு வரும் இலங்கைக் கத்தோலிக்கர், தியாகராய நகரில் துணி வாங்க வருபவர், சென்னை மருத்துவமனைகளுக்கு வருபவர். நீள்தூர விமானம் அடுத்த பயணத்துக்காகக் காத்து நிற்கும் இடைவெளியில் அதையே சென்னைக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. அப்போது பயணிக்கு அகலமான ஏ330 கிடைக்கும். நிறுவனத்துக்குச் சும்மா நிற்கும் விமானம் சம்பாதித்துக் கொடுக்கும்.

போட்டி மூன்று பக்கமிருந்து வந்தது. தனியார் இந்திய நிறுவனங்கள் வெளிநாடு பறக்க அனுமதிக்கப்பட்டதும் 2004 மார்ச்சில் ஜெட் ஏர்வேஸும் ஏர் சஹாராவும் தேர்ந்த முதல் வழி சென்னை–கொழும்பு. 2007-இல் சிங்கப்பூரின் டைகர் ஏர்வேஸ் சென்னைக்கு வந்தது. 2008 டிசம்பர் 1 அன்று மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவுக்கான தன் முதல் சேவையைத் தில்லிக்கோ மும்பைக்கோ அல்லாமல் திருச்சிக்குத் தொடங்கியது. சாப்பாட்டுக்கும் சாமானுக்கும் தனிக்காசு வாங்கி டிக்கெட் விலையை இறக்கிய இவை, சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவருக்குக் கொழும்பில் இறங்கும் தேவையை இல்லாமல் செய்தன. மேற்கே வளைகுடா நிறுவனங்களும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் நேரடிச் சேவையைப் பெருக்கின. மதுரையில் 2012 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்குப் பறந்து அந்நகரின் முதல் பன்னாட்டுச் சேவையைத் தொடங்கியது. மலிவுவிலைப் போட்டிக்காக இலங்கை அரசு தொடங்கிய மிகின் லங்கா மதுரைக்குப் பறந்து பார்த்தது. நட்டத்தில் மூழ்கி 2016 அக்டோபரில் ஸ்ரீலங்கனோடு கரைந்தது. அரசே இரண்டு நிறுவனங்களை ஒரே சந்தையில் ஓடவிட்டது தவறான முடிவு. மதுரைச் சேவை மட்டும் அதன் எச்சமாக ஸ்ரீலங்கனிடம் நிலைத்தது.

பெருநகரத்துக்கு வெளியே உள்ள ஊர்களில் இச்சந்தை எப்படிப் பிரிகிறது என்பதை மரக்காணம் உப்பளக் கடற்கரைக்குத் தெற்கே, ஆரோவில்லை ஒட்டிய இரும்பையில் பார்க்கலாம். தேவாரம் பாடப்பெற்ற மாகாளேசுவரர் கோயில் உள்ள இவ்வூரைச் சுற்றி ஐரோப்பாவிலிருந்து வந்து வாழ்பவர்கள் பலர். பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. சற்று வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. படகேறி வந்த குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. போர் முடிந்தபின் தாயகம் திரும்ப முன்வந்த அகதிகளுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் தமிழகத்திலிருந்து கொழும்புக்கு விமானச்சீட்டு எடுத்துக் கொடுத்தது. பாரிஸ் போகிறவரும் வவுனியா போகிறவரும் இங்கிருந்து ஒரே சாலையில் மீனம்பாக்கம் போக வேண்டும். பக்கத்திலேயே உள்ள புதுச்சேரி இலாசுப்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர், ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களுக்கே அது இடம் தரும்.

பலாலியிலும் அதே தடை. 2019 அக்டோபர் 17 அன்று அது யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது அங்கே இறங்கியது சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம். கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. முழுவதும் ஏர்பஸ் ஜெட்களாகிவிட்ட ஸ்ரீலங்கனிடம் பலாலி ஓடுபாதைக்கேற்ற விமானம் இல்லை. ஏர் சிலோனின் முதல் வழித்தடம் இவ்வாறு இந்திய நிறுவனங்களின் கைக்குப் போனது.

இதனிடையே ஸ்ரீலங்கனின் எமிரேட்ஸ் ஒப்பந்தம் 2008-இல் முடிந்தது. 2010-இல் அரசு பங்குகளைத் திரும்ப வாங்கியது. 2014 மே 1 அன்று ஸ்ரீலங்கன் பன்னாட்டு விமான நிறுவனங்களின் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. கோவைக்கு 2017-இல் தொடங்கிய சேவை நீடிக்கவில்லை. 2022-இல் இலங்கையில் எரிபொருள் தீர்ந்தபோது நீள்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றன. 2024 நவம்பரில் இந்தியப் பயணிகளைக் குறிவைத்து வெளியிட்ட இராமாயணத் தலங்கள் பற்றிய விளம்பரப் படம் இந்தியா முழுவதும் பரவலாகப் பார்க்கப்பட்டது. கடன் சுமையால் நிறுவனத்தை விற்க எடுத்த முயற்சியை அதே ஆண்டு பதவிக்கு வந்த புதிய அரசு கைவிட்டது. தமிழகத்தில் சென்னை, திருச்சி, மதுரை ஆகிய மூன்று நகரங்களிலும் சேவை தொடர்கிறது.